சும்மா கிடக்கிற நிலத்தில் யாராவது விழுந்தால் யார் பொறுப்பு? இதற்குப் பாலிசி உண்டா?

11 மே 2025 – கேள்வி

வெள்ளகோவில் பக்கம் அப்பா விட்டுப்போன ஒன்றே முக்கால் ஏக்கர் சும்மா கிடக்கிறது. நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். குத்தகைக்கும் விடவில்லை. பழைய கிணறு ஒன்று, தண்ணீர் வராத போர் ஒன்று. பள்ளிக்கூடம் லீவு என்பதால் பசங்க கிணற்றில் குதித்து நீந்துகிறார்கள் என்று பக்கத்துத் தோட்டத்து மாமா போன் செய்தார். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என் மேல் வருமா? கேட்காமல் நுழைந்தவனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அமெரிக்காவில் காலி நிலத்துக்கே இன்ஷூரன்ஸ் இருக்கிறதாம். இங்கே உண்டா?

11 மே, இரவு

வரும் தம்பி. "அவன்தானே அத்துமீறி வந்தான்" என்பதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

எனக்கும் மூலனூர் பக்கம் கொறங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. கிளுவை வேலி, நாலைந்து வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், ஓரத்தில் தாத்தா காலத்துக் கிணறு. மேய்ச்சலைத் தவிர வேறெதற்கும் நாங்கள் அதைத் தொட்டதில்லை. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. நான் வக்கீல் இல்லை, ஆனால் பெரியப்பா மகன் வக்கீல். அவனிடம் கேட்டதும் நானே தேடிப் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன்.

பீகாரில் ஒருவர் தன் கழிப்பிடத்தை அக்கம்பக்கத்தார் பயன்படுத்துகிறார்கள் என்று வழியில் மின்சாரக் கம்பி கட்டி வைத்தார். பக்கத்து வீட்டுப் பெண் தொட்டு இறந்துபோனார். அத்துமீறி வந்தவர்தானே என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அத்துமீறி வந்தவரும் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே இல்லை என்று சொல்லித் தண்டனையை உறுதி செய்தது. செருபின் கிரிகரி வழக்கு என்று தேடினால் கிடைக்கும்.

அது வேண்டுமென்றே வைத்த கண்ணி, கிணறு அப்படியில்லை என்பீர்கள். சரிதான். அதற்கு இங்கிலாந்தில் 1972இல் வந்த ஹெரிங்டன் தீர்ப்பைப் பாருங்கள். ரயில் பாதை வேலியில் ஓட்டை. பிள்ளைகள் அந்த வழியாக நுழைகிறார்கள் என்று ரயில்வேக்குத் தெரியும், தெரிந்தும் அடைக்கவில்லை. ஆறு வயதுப் பையன் உள்ளே போய் மின்தண்டவாளத்தில் அடிபட்டான். தெரிந்தும் சும்மா இருந்ததற்காக ரயில்வே ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. நம் நீதிமன்றங்கள் இந்த மாதிரி ஆங்கிலத் தீர்ப்புகளையும் புரட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன.

உங்கள் விஷயத்தில் முக்கியம் இதுதான்: மாமா போன் செய்தாரே, அந்த நிமிஷத்தோடு "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு முடிந்துவிட்டது.

12 மே

இன்ஷூரன்ஸ் கிடக்கட்டும். முதலில் அந்தப் போரை மூடுங்கள். இந்த வாரமே. மாமாவிடம் பணம் அனுப்பியாவது.

கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் வழிமுறை கொடுத்து, அதே வருடம் ஆகஸ்டில் திருத்தியும் தந்தது. போர் போடுவதற்கு 15 நாள் முன்னால் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கேசிங் பைப்பைச் சுற்றி அரை மீட்டர் சதுரத்துக்கு, தரைக்கு மேலே 30 சென்டிமீட்டரும் கீழே 30 சென்டிமீட்டருமாகக் கான்கிரீட் மேடை கட்ட வேண்டும். பைப் வாயில் இரும்புத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும், இல்லையென்றால் போல்ட் போட்ட மூடி. தண்ணீர் வராத போர் என்றால் மூடி போதாது. அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். நிரப்பியதற்குச் சான்றும் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதிகளுக்கு 2015இல் தனி விதிகளே வந்துவிட்டன.

சாக்குப் பையைத் திணித்து மேலே கல்லைத் தூக்கி வைப்பதுதான் எங்கள் பக்கம் வழக்கம். மழைக்குச் சாக்கு மக்கிப் போகும், கல்லை யாராவது வரப்புக்கு எடுத்துக்கொண்டு போவார்கள்.

14 மே

"'அத்துமீறி நுழையாதீர்' என்று போர்டு வைத்தால் போதாதா?" என்று கேட்டவருக்கு: வையுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை போர்டைப் படித்துவிட்டா வரும்?

நானே சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மாதிரி ஒரு கிணற்றில்தான் நீந்தப் பழகினேன். எங்கள் ஊரில் நீச்சல் தெரிந்த எல்லாரும் யாரோ ஒருவர் கிணற்றில் கற்றவர்கள்தான். பசங்களை விரட்ட எனக்கும் மனசு வராது. ஆனால் சரி, போங்கடா என்று நாமே சொல்லிவிட்டால் அவர்கள் அத்துமீறி வந்தவர்கள் இல்லை, நம் அனுமதியோடு வந்தவர்கள். அப்போது நம் பொறுப்பு கூடுகிறது, குறைவதில்லை. படிக்கட்டு உடைந்திருப்பது, உள்ளே பழைய பம்புசெட் இரும்பு கிடப்பது எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். நீந்த விடுவதென்றால் படியைச் சரிசெய்து, இரும்பை வெளியே எடுத்து, பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது மட்டும் என்று வையுங்கள். அது முடியாதென்றால் சுற்றுச்சுவரும் பூட்டின கேட்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

18 மே

நேற்றுச் செய்தி பார்த்திருப்பீர்கள். சாத்தான்குளம் பக்கம் மீரான்குளத்தில் ஆம்னி வேன் சாலையோரக் கிணற்றுக்குள் விழுந்து, கைக்குழந்தையோடு ஐந்து பேர் போய்விட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து போன குடும்பம். இதை எழுதவே கை வரவில்லை.

அந்தக் கிணற்றைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை, அது விசாரணை வேலை. ஆனால் தடத்தை ஒட்டிக் கிணறு வைத்திருக்கிற எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொது வழியை ஒட்டிய குளம், கிணறு, குழி எதுவானாலும் வேலி போடச் சொல்லி உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152. நடைமுறையில் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். உங்கள் நிலத்தின் மேல் வேறொருவர் கொடுக்கலாம். பக்கத்து நிலத்துக்காரர் எத்தனை சொல்லியும் கேட்கவில்லையென்றால் நீங்களும் கொடுக்கலாம். சண்டைக்கு என்று நினைக்காதீர்கள். சாலை அகலமாகிக்கொண்டே வந்து இட்டேரி (இரண்டு வேலிக்கு நடுவே போகும் வண்டித்தடம்) எல்லாம் தார் ரோடு ஆகிவிட்டது. வண்டி மாடு போன காலத்தில் தடத்திலிருந்து தள்ளி இருந்த கிணறு இன்றைக்கு ரோட்டின் விளிம்பில் நிற்கிறது.

25 மே

இனி இன்ஷூரன்ஸ். இதில் பெயர்க் குழப்பம் நிறைய.

1991ஆம் வருடத்துப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைக் காட்டி "கட்டாயம் எடுக்கணும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த சட்டம். ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் தொழிற்சாலை, கிடங்குகளுக்கானது. புல் முளைத்த நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாரத் கிரஹ ரக்‌ஷா என்று 2021 ஏப்ரலில் வந்ததே, அது வீட்டுக் கட்டடத்துக்கும் வீட்டுப் பொருளுக்கும். தீ, வெள்ளம், புயல் வந்தால் உங்கள் நஷ்டத்துக்குத் தரும். இன்னொருவர் உங்கள் மேல் போடும் வழக்குக்கு அல்ல. வீட்டுப் பேக்கேஜ் பாலிசிகளில் பொதுப் பொறுப்பு என்று ஒரு பிரிவு இருக்கும். ஆனால் நான் வாசித்தவற்றில் அது குடியிருக்கிற வீட்டைச் சுற்றித்தான் எழுதியிருந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிற கொறங்காட்டுக்கு நீளாது.

நமக்கு மிச்சம் இருப்பது தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பொதுப் பொறுப்பு பாலிசி. ஓட்டல், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், தியேட்டர் எடுப்பது. அதைத்தான் வளைத்துக் காலி நிலத்துக்கு எழுதச் சொல்ல வேண்டும். வீடு, கார், ஆஸ்பத்திரி என்று வெப்சைட்டில் பட்டனைத் தட்டினால் வருகிற மாதிரி இது வராது. நேரில் போக வேண்டும்.

9 ஜூன்

போய்விட்டு வந்தேன். எந்த நிறுவனம் என்று எழுதமாட்டேன், ஏனென்றால் அங்கிருந்தவர்கள் நல்லபடியாகத்தான் பேசினார்கள். விண்ணப்பம்தான் இடிக்கிறது.

வருடாந்தர விற்றுமுதல் எவ்வளவு? இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து போவார்கள்? ஆட்டுக்காரர் ஒருவர். கட்டடத்தின் வயது? கட்டடமே இல்லை. தீயணைப்புக் கருவிகள்? கம்ப்யூட்டர் காலிக் கட்டத்தை ஏற்க மறுக்கிறது. "சார், ஒரு மோட்டார் ரூமாவது இருந்தால் அதைக் காட்டிப் போட்டுவிடலாம்" என்றார் அந்தத் தம்பி. இல்லாததை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு ஒரு உயிர் போன பிறகு "விண்ணப்பத்தில் பொய் எழுதியிருக்கிறீர்கள்" என்று பணம் தர மறுத்தால், அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்? மேலதிகாரிக்குத் தனிக் குறிப்பாக எழுதி மண்டல அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பியிருக்கிறார்கள்.

காத்திருந்த நேரத்தில் பாலிசி வாசகத்தை முழுக்கப் படித்தேன். எல்லாரும் படிக்க வேண்டிய இடம் விலக்குகள் பகுதி. அபராதம், தண்டத்தொகைக்குக் கிடையாது. நம்மிடம் வேலை செய்கிறவருக்குக் கிடையாது, அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி தனி. (முள் வெட்ட ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனியுங்கள்.) ஒப்பந்தத்தால் நாமே தலையில் ஏற்றிக்கொண்ட பொறுப்புக்குக் கிடையாது. அப்புறம் இது: சட்டத்தின் விதியைத் தெரிந்தே கடைப்பிடிக்காமல் விட்டதால் வந்த பொறுப்புக்குக் கிடையாது.

இந்தக் கடைசி வரியை மே 12ஆம் தேதி போரைப் பற்றி நான் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். போரை நிரப்பாமல் விட்டுவிட்டு பாலிசி மட்டும் எடுத்தால், நமக்கு வேண்டிய நாளில் அந்த ஒரு வரியே நம்மை வெளியே தள்ளிவிடும். நிரப்பினதற்கான சான்றையும் போட்டோவையும் விண்ணப்பத்தோடு இணைத்தால், பின்னால் அதைச் சொல்லித் தப்ப அவர்களுக்கு வழியில்லை.

10 ஜூன்

"பாலிசி இருந்தால் போலீஸ் கேஸ் வராதே?" வரும். அலட்சியத்தால் மரணம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 106(1). முன்பு இரண்டு வருடம் வரை இருந்த தண்டனை இப்போது ஐந்து வருடம் வரை. அதை எந்தப் பாலிசியும் நமக்குப் பதிலாக அனுபவிக்காது. பாலிசி கொடுப்பது உரிமையியல் வழக்கில் தீர்ப்பாகும் ஈட்டுத்தொகையும், அந்த வழக்கை நடத்தும் செலவும்தான்.

21 ஜூன்

அமெரிக்கா பற்றி. டெக்சாஸில் இருக்கிற மச்சானிடம் அவன் வீட்டுப் பாலிசியை எடுத்து வாசிக்கச் சொன்னேன். அங்கே பரவலாக இருக்கும் வீட்டுப் பாலிசி வாசகத்தில், பாலிசி எடுத்தவருக்குச் சொந்தமான காலி நிலமும் பொறுப்புப் பகுதிக்குள் வருகிறது. விவசாய நிலம் மட்டும் வராது. வீடு இல்லாதவர்கள் காலி நிலத்துக்கென்றே தனியாக வாங்கிக்கொள்ளலாம். வேட்டைக்கு வருகிறவன், மலைச் சைக்கிள் ஓட்டுகிறவன், குட்டையில் குளிக்கிற பையன் என்று அங்கே வழக்கு நிறைய, அதனால் சரக்கும் நிறைய. இங்கே வழக்குப் போடுகிறவர் குறைவு, அதனால் விற்பவரும் இல்லை. ஆனால் வழக்குக் குறைவு என்பதால் சாவு குறைவா என்ன? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பெரும்பாலும் ஆடு மேய்க்கிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள். விபத்து மரணச் சட்டம் என்று 1855ஆம் வருடத்திலிருந்தே இருக்கிறது, பெற்றவர்களும் கணவன் மனைவி பிள்ளைகளும் ஈடு கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்?

நான் பாலிசிக்கு இப்படி அலைவதன் காரணமும் பாதி அதுதான். என் கையில் பத்து லட்சம் ரொக்கமாகக் கிடையாது. தீர்ப்பு வந்தால் நிலத்தை விற்றுத்தான் தர வேண்டும், விற்க வருடக்கணக்காகும். பாலிசி இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு உண்மையிலேயே பணம் போய்ச் சேரும்.

இன்னொன்று, தேடும்போது கிடைத்தது. மழையில் ஏரி உடைந்து ரயில் பாலங்கள் போனதற்காக மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கார்வேட்டிநகரம் ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. 1874இல் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஏரிகள் இந்த நாட்டில் தொன்றுதொட்டு ஊருக்காக இருப்பவை, அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை, அவர் அலட்சியமாக இருந்ததாகக் காட்டப்படவில்லை, ஆகவே பொறுப்பில்லை என்றது. நம் பக்கத்து நீர்நிலைகளின் இயல்பைப் புரிந்துகொண்டு சொன்ன தீர்ப்பு என்று எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு. கவனியுங்கள்: அங்கும் பேச்சு அலட்சியம் உண்டா இல்லையா என்பதில்தான் நிற்கிறது.

2 ஜூலை

"பேசாமல் கரண்ட் வேலி போட்டுவிடலாமா, பன்றியும் வராது பசங்களும் வரமாட்டார்கள்" என்று ஒருவர்.

வேண்டாம். மின்லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்டு வேலிக்குக் கொடுப்பது குற்றம், கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. மனிதர்களும் எத்தனையோ பேர் இதில் போயிருக்கிறார்கள். அதே வருடம் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கு விதிகள் கொண்டுவந்தது. பேட்டரியில் விட்டு விட்டு அதிர்வு தருகிற சூரிய மின்வேலிதான் போட வேண்டும் என்றால், முறைப்படி அனுமதி வாங்கிப் போடுங்கள். எந்தப் பாலிசியும் வேண்டுமென்றே செய்ததற்குத் தராது. பீகார் வழக்கை மறுபடி படியுங்கள்.

கல்லுக்கால் நட்டு முள்கம்பி. அல்லது கிளுவை. கிளுவை வைத்தால் இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும், அப்புறம் தலைமுறைக்கும் நிற்கும்.

6 ஜூலை

சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்துப் பிடுங்கினவர்கள் குழியை மூடிவிட்டு வாருங்கள். கிராவல் எடுக்க விட்ட குழியும் அப்படியே. மழை பெய்தால் எது ஆழம் எது மேடு என்று தெரியாது. "மண் எடுத்தவன் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் அவனிடமிருந்து பின்னால் வசூலிக்கலாம். ஆனால் வழக்கு முதலில் பட்டாவில் பேர் இருக்கிறவரைத்தான் தேடி வரும்.

19 ஜூலை

பட்டா என்று எழுதியதும் நிறையப் பேர் கூட்டுப்பட்டா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான், நம் பக்கம் பாதி நிலம் அப்படித்தான் கிடக்கிறது.

எங்கள் நிலத்தின் பட்டாவில் அப்பா, சித்தப்பா, அத்தை மூன்று பேர். சித்தப்பா இல்லை, அவர் பிள்ளைகள் பெயர் இன்னும் ஏறவில்லை. பாகம் பிரிக்கவில்லை, ஆகவே கிணறு எல்லாருக்கும் பொது. வழக்கு வந்தால் எல்லார் பெயரும் அதில் இருக்கும். நான் என் பெயரில் மட்டும் பாலிசி எடுத்தால் அத்தைக்கு அது உதவாது. எழுபது வயதுக்கு மேல் அவர் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா? எல்லார் பெயரையும் காப்பீடு பெறுகிறவர்களாக எழுதச் சொன்னேன். இறந்தவர் பெயரில் எழுத முடியாது, வாரிசுச் சான்று கொண்டுவாருங்கள் என்றார்கள். அதில் ஒரு மாதம் போகிறது. பரவாயில்லை, பல வருடமாகத் தள்ளிப்போட்ட பட்டா மாறுதலும் இதனால் நடக்கிறது. அத்தை மூலனூருக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிணற்றையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போனார்.

3 ஆகஸ்ட்

ஷார்ஜா தம்பி போர் நிரப்பின போட்டோ அனுப்பியிருக்கிறார். மனசு நிறைந்தது. மாமாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி: "லீவுக்கு ஊருக்கு வரும்போது என் பிள்ளைகளுக்கே ஏதாவது ஆனால்?" அதற்கு இந்தப் பாலிசி இல்லை. பொறுப்புக் காப்பீடு மூன்றாம் நபருக்கு. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் விழுந்தது சொந்தக் குடும்ப நிலத்துப் போரில்தான். நான்கு நாள் ஊரே தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். சொந்தப் பிள்ளைக்கு வேண்டுமானால் தனிநபர் விபத்துப் பாலிசி எடுக்கலாம். அந்த இடத்தில் நிஜமான காப்பு நிரப்பின மண் மட்டும்தான்.

24 ஆகஸ்ட்

பாலிசி கைக்கு வந்துவிட்டது. வேலிக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை பிரீமியம். ஒரு விபத்துக்கு இவ்வளவு, வருடம் முழுவதற்கும் இவ்வளவு என்று இரண்டு வரம்பு இருக்கும். இரண்டையும் ஒரே தொகையாக வைக்காமல், வருட வரம்பைக் கூட்டிக் கேட்டேன். ஒரே வருடத்தில் இரண்டு விபத்து நடக்காது என்று யார் சொல்ல முடியும்?

எடுக்கப் போகிறவர்கள் அட்டவணைப் பக்கத்தில் சர்வே எண்ணும் உட்பிரிவும் பட்டாவில் இருப்பதுபோலவே வந்திருக்கிறதா பாருங்கள். எங்களுக்கு முதலில் ஊர் பெயரும் வீட்டு முகவரியும் மட்டும் போட்டுத் தந்தார்கள், திருத்தி வாங்கினேன். "கட்டடம் இல்லாத மேய்ச்சல் நிலம், திறந்த கிணறு ஒன்று, சுற்றுச்சுவர் உண்டு, வணிகப் பயன்பாடு இல்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். கிணற்றை மறைக்காதீர்கள்.

இந்தப் பாலிசிகள் கோரிக்கை வந்த தேதியைக் கணக்கில் எடுப்பவை. இன்றைக்கு நடந்த விபத்துக்கு நோட்டீஸ் அடுத்த வருடம் வரலாம். அப்போது பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். அதனால் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் புதுப்பியுங்கள். முதல் பாலிசியில் போட்ட முன்தேதியை (எந்தத் தேதியிலிருந்து நடந்த விபத்துக்குப் பாலிசி செல்லும் என்பதை) ஒவ்வொரு தடவையும் அப்படியே தொடரச் சொல்லுங்கள். நிறுவனம் மாற்றினாலும் அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள்.

எங்களுக்குச் சித்தப்பா பிள்ளைகள் பெயர் இன்னும் ஏறவில்லை, பாலிசியோடு இணைக்கும் திருத்தக் குறிப்பாக அடுத்த மாதம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டுப்பட்டாவில் எல்லார் பெயரையும் சேர்த்து யாருக்காவது பாலிசி வந்திருந்தால் அந்த வாசகத்தை இங்கே போடுங்கள், நான் கொண்டுபோய் அவர்களிடம் காட்டுகிறேன்.